உள்ளே விட நேரம் பார்க்கிறீர்கள், வெளியே அனுப்பவும் பாருங்கள்

விமான நிலையத்தில் பயணிகள் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் லவுஞ்சுகளை நடத்தும் நிறுவனங்களுக்கும், அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கும் நிலைய நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இது சாப்பாட்டைப் பற்றிய புகார் இல்லை. உப்புமா ஆறியிருந்தது, காபியில் சர்க்கரை தூக்கல் என்பதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கூட்டத்தைப் பற்றியும் குறை சொல்லப் போவதில்லை. வெளியே ஃபுட் கோர்ட்டில் இரண்டு இட்லிக்கு அவர்கள் கேட்கும் விலையைப் பார்த்தால் எல்லோரும் உங்களிடம்தான் வருவார்கள். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. உங்கள் லவுஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பயணியும் அங்கிருந்து எத்தனை மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்.

"அதான் போர்டிங் பாஸிலேயே போட்டிருக்கே" என்பீர்கள். போடவில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் உள்நாட்டு விமானம் காலை 7 மணிக்குப் புறப்படுகிறது. 6.15க்கு போர்டிங் தொடங்கும் என்று அட்டையில் இருக்கும். 6.35க்கு, விமானத்துக்குள் விடும் வாசலான கேட்டை மூடிவிடுவார்கள். புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பே மூடுவதுதான் இப்போது நம் உள்நாட்டு விமானங்களில் பரவலான வழக்கம். பயணியின் மனதில் நிற்பது 7 மட்டும். கொஞ்சம் விவரமானவர்கள் 6.15ஐ நினைவில் வைத்திருப்பார்கள். 6.35 என்பது பொடி எழுத்தில் எங்கோ அடியில் கிடக்கும்.

கேட் லவுஞ்சிலிருந்து 900 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திடகாத்திரமான ஆள், கையில் ஒரு பையோடு, நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பார். முட்டிவலிக்காரரோ, நாலு வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற அம்மாவோ 60 மீட்டரைத் தாண்டுவது கஷ்டம். அவர்களுக்கு நடை மட்டுமே 15 நிமிடம். லவுஞ்ச் மாடியில் இருக்கிறது, லிஃப்ட்டுக்காக 2 நிமிடம். வழியில் கழிப்பறை, அதுவும் பெண்கள் பக்கம் எப்போதும் வரிசை, 5 நிமிடம். ஆக, அவர்கள் 6.10க்கு நாற்காலியை விட்டு எழுந்தால்தான் பதறாமல் போய்ச் சேர முடியும். அந்த 6.10 போர்டிங் பாஸில் இல்லை. உங்கள் சுவரில் தொங்கும் திரையில் இல்லை. உங்கள் ஊழியர்களைக் கேட்டாலும் தெரிவதில்லை.

இப்போது உங்கள் வாசலுக்கு வருவோம். வாசலில் நீங்கள் காட்டும் கவனத்தைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். லவுஞ்ச் சலுகை உள்ள வங்கிக் கார்டை வாங்கி இயந்திரத்தில் செருகி 2 ரூபாய் கழிக்கிறீர்கள். போர்டிங் பாஸை ஸ்கேன் செய்கிறீர்கள். விமானத்துக்கு அதிக நேரம் இருந்தால், "சார், இன்னும் நாலு மணி நேரம் இருக்கே, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று உங்களுக்கு ஒரு வரம்பு. சரி, இடம் கொஞ்சம், ஆள் அதிகம், அது நியாயம்தான். ஆனால் சீக்கிரம் வந்தவரைக் கண்டுபிடிக்கும் அதே இயந்திரத்துக்கு, உள்ளே உட்கார்ந்தவர் கிளம்பாமல் இருப்பது மட்டும் ஏன் தெரிவதில்லை?

தெரியும் என்பதுதான் உண்மை. போர்டிங் பாஸில் நீங்கள் ஸ்கேன் செய்யும் அந்தக் கட்டத்துக்குள் பயணியின் பெயர், முன்பதிவு எண், எங்கிருந்து எங்கே, விமான எண், தேதி, இருக்கை எண், செக்-இன் வரிசை எண் எல்லாம் அடக்கம். உலகம் முழுக்க ஒரே வடிவம். கேட் எண் மட்டும் அதில் இருக்காது, ஏனென்றால் அது மாறக்கூடியது. ஆனால் கேட் எண்ணைத் தரும் நிலையத்தின் தகவல் அமைப்புதான் உங்கள் திரைக்கும் இணைப்புக் கொடுத்திருக்கிறது. யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது ஒரு கணினியில். அவர்கள் எங்கே போக வேண்டும் என்பது பக்கத்துத் திரையில். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான் இது. நீங்கள் அலையவில்லை, எங்களை அலைய விடுகிறீர்கள்.

ஒரு காலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், எந்தப் பெரிய நிலையத்திலும் இது நடக்கலாம். எனக்கு எதிர் மேஜையில் ஒரு வயதான தம்பதி. மகன் எடுத்துக் கொடுத்த கூடுதல் கார்டில் உள்ளே வந்திருந்தார்கள். ஒரு தட்டில் இட்லியும் மற்றொன்றில் வெட்டிய பப்பாளியுமாக, அந்த அம்மா நிதானமாக ஐயாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரை காபி மெஷினுக்கு மேலே இருந்தது. அங்கே ஆட்கள் கப்போடு நின்றுகொண்டிருந்ததால் கீழ்ப்பாதி மறைந்துபோயிருந்தது. பட்டியல் இரண்டு பக்கம், இரண்டு மொழியில் மாறி மாறி ஓடியது, இரண்டும் அந்த அம்மாவுக்குத் தெரியாத மொழி. ஒரு பக்கத்தைத் தேடிப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். "தம்பி, தமிழா? எங்க விமானம் எப்பன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா" என்றார் அம்மா. பார்த்தால், போர்டிங் நடந்துகொண்டிருக்கிறது.

வரவேற்பு மேஜையில் போய்க் கேட் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அந்தப் பெண் புன்னகையோடு, "ஃபைவ் மினிட்ஸ் சார், லெஃப்ட்ல போங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் அவர் ஊழியர் வாசல் வழியாகப் போய்வருகிறவர். அந்தக் கேட் வரை ஒருமுறையாவது நடந்திருப்பாரா என்பது சந்தேகம். அந்த ஐந்து நிமிடம் எப்படி இருந்தது தெரியுமா? லவுஞ்சிலிருந்து லிஃப்ட்டில் இறங்கி, சென்ட்டுக் கடைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதையைத் தாண்டி, மூன்று நகரும் நடைபாதை. அதில் ஒன்று ஓடவில்லை, மஞ்சள் தடுப்பு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஐயா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்று, பார்த்துத்தான் காலை எடுத்து வைத்தார். கடைசியில் அது பஸ் கேட், அங்கிருந்து பஸ்ஸில்தான் விமானத்துக்குக் கூட்டிப் போவார்கள். எஸ்கலேட்டரில் மறுபடி கீழே இறங்க வேண்டும். எஸ்கலேட்டர் என்றால் அம்மாவுக்குப் பயம். லிஃப்ட் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று.

கேட்டில் நின்ற பையன், "எங்க சார் இருந்தீங்க, எவ்வளவு நேரமா உங்க பேரைச் சொல்லித் தேடறோம்" என்றான். "இங்கதாம்ப்பா உக்காந்திருந்தோம்" என்றார் ஐயா, தப்புச் செய்துவிட்டவர் மாதிரி. கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கேட்டுக்காரர்கள் இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு பேர் உள்ளே இருப்பது லவுஞ்சின் கணினிக்குத் தெரியும். அவர்களை ஒருவர் தேடுவது லவுஞ்சுக்குத் தெரியாது. இடையில் ஒரு ஃபோன் கால்கூட இல்லை.

தூரம் ஏன் இவ்வளவு என்று கேட்டால் அதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு ஏ320 விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி கிட்டத்தட்ட 36 மீட்டர். இரண்டு விமானங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் ஒரு நிறுத்தத்துக்கு 40 மீட்டர். வரிசையாகப் பத்து என்றால் 400 மீட்டர். போயிங் 777-300ஈஆர் போன்ற பெரிய விமானத்துக்கு இறக்கையே 65 மீட்டர். அப்படிப் பத்து நின்றால் 700 மீட்டரைத் தாண்டும். விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது, கட்டடம் நீளத்தான் செய்யும். 2010இல் திறந்த டெல்லி மூன்றாம் டெர்மினலில் கேட்டிலிருந்து நேராக விமானத்துக்குள் நடந்து போகும் 78 ஏரோபிரிட்ஜ் வைத்துக் கட்டினார்கள். அத்தனைக்கும் இடம் வேண்டுமென்றால் கட்டடம் இருபுறமும் கைகளை நீட்டித்தான் ஆக வேண்டும். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

லவுஞ்சின் இடம்தான் வேறு கதை. பாதுகாப்புச் சோதனை முடிந்ததும், கடைவீதிக்கு மேலே, இடைத்தளத்தில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். கீழ்த்தளம் வாடகை அதிகம் வரும் இடம், அது கடைகளுக்கு வேண்டும் என்பது என் கணிப்பு. ஆக, கேட்டுகள் எல்லாம் இரு கைகளின் நுனி வரை பரவிக் கிடக்க, லவுஞ்ச் மட்டும் நட்டநடுவில். கையின் நுனியில் ஒரு சின்ன லவுஞ்ச் வைப்பதைப் பற்றி இனிக் கட்டும் டெர்மினல்களிலாவது யோசியுங்கள். பெங்களூரில் 2022இல், சென்னையில் 2023இல், திருச்சியில் 2024இல் என்று புதுக் கட்டடங்கள் வரிசையாகத் திறந்துகொண்டேதான் இருக்கின்றன.

நகரும் நடைபாதை போட்டிருக்கிறோமே என்று ஒரு பதில் வரும். அதன் வேகம் பொதுவாக வினாடிக்கு அரை மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதாவது நிமிடத்துக்கு 30 மீட்டர். அதன்மேல் நடந்து போனால்தான் லாபம். வயதானவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி நின்றால் 100 மீட்டருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல். பக்கத்துத் தரையில் மெதுவாக நடந்தாலே அதற்கு முன்னால் போய்விடலாம். கால் வலிக்காது, அவ்வளவுதான். நேரம் மிச்சமாகாது.

அடுத்தது, அமைதி. நம் பெரிய நிலையங்கள் பலவும் வழக்கமான போர்டிங் அறிவிப்பு இல்லாத அமைதி நிலையங்களாகிவிட்டன. சென்னையும் 2022இல் அந்த வழிக்கு வந்தது. ஓயாமல் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் இது நிம்மதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒருவர் தகவல் பெற வேண்டுமென்றால் அவருக்குக் கண் தெரிய வேண்டும், திரையில் உள்ள மொழி தெரிய வேண்டும், திரையின் முன்னால் உட்கார இடம் கிடைக்க வேண்டும். கேட்டின் அருகிலேயே உட்கார்ந்திருப்பவருக்குப் பிரச்சினை இல்லை. எல்லோரும் எழுந்து வரிசையில் நிற்பதைப் பார்த்து அவரும் எழுந்துவிடுவார். லவுஞ்சில் அந்த வசதியும் கிடையாது. அங்கே எழுந்து போகிறவர் விமானத்துக்குப் போகிறாரா, இன்னொரு தட்டு எடுக்கப் போகிறாரா என்று யாருக்குத் தெரியும்?

கேட் கடைசி நேரத்தில் மாறுவது தனிக் கொடுமை. குறுஞ்செய்தி அனுப்புகிறோம் என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே விமானம் மாறுகிற எத்தனையோ பேருக்கு இங்குள்ள சிம் இருக்காது. நிலையத்தின் வைஃபையில் சேரலாம் என்றால், அதற்கு ஓடிபி வரப் பெரும்பாலும் ஃபோனில் ஒரு சிக்னல் வேண்டும். லவுஞ்சின் வைஃபைக்கு ஒரு தனிச் சீட்டில் பாஸ்வேர்டு கொடுக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நல்ல வழக்கம். எல்லோரும் அதைச் செய்யுங்கள்.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்காதீர்கள். அங்கேயும் தூரம் இதைவிட மோசம். ஆனால் மறைப்பதில்லை. லண்டன் ஹீத்ரோவில் 2008இல் திறந்த ஐந்தாம் டெர்மினலை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்மைக் கட்டடம் ஏ. விமானங்கள் நிற்கும் பக்கமாகத் தள்ளி பி, அதற்கும் அப்பால் சி. இடையில் சுரங்க ரயில். பெரிய லவுஞ்சுகள் எல்லாம் ஏ கட்டடத்தில், பி கட்டடத்தில் ஒன்று, சி கட்டடத்தில் இல்லவே இல்லை. சி கேட்டில் விமானம் என்றால் எஸ்கலேட்டரில் ஆழமாக இறங்கி, ரயில் பிடித்து, மறுபடி மேலே ஏற வேண்டும். அதற்கு 15, 20 நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலில் கேட்டுக்கு வழி காட்டும் பலகையிலேயே நடக்க எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும். அங்கேயும் வழக்கமான போர்டிங் அறிவிப்பு கிடையாது. தாமதமாக்குகிறவரை மட்டும் பெயர் சொல்லி அழைத்து, வராவிட்டால் உங்கள் பெட்டியை இறக்கிவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அந்த ஊரில் பிரசித்தம். கொஞ்சம் முரட்டுத்தனம்தான். ஆனாலும் விஷயம் காதில் விழுகிறது.

நம்மவர்கள் அதிகம் போகும் கோலாலம்பூரையும் சொல்ல வேண்டும். அங்கே முதல் டெர்மினலில் முதன்மைக் கட்டடத்துக்கும் துணைக் கட்டடத்துக்கும் நடுவே ஓடிய ஏரோட்ரெயின் 2023 மார்ச்சில் நின்றது. 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடியது. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் பஸ்தான். அந்தக் காலத்தில் முதன்மைக் கட்டட லவுஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் துணைக் கட்டட கேட்டுக்குப் போகிறவர் பஸ் வரும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் சாங்கியில் 1, 2, 3 டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனை கேட்டின் வாசலிலேயே நடக்கும். கேட்டுக்குப் போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துப் போனால் அங்கே எக்ஸ்ரே வரிசை காத்திருக்கும். நான்காம் டெர்மினலுக்கு பஸ். இப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கதி உண்டு. அதைப் பயணி தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஒரு நிலையத்துக்கு ஒருவர் வருடத்தில் ஒருமுறை வருவார். நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள்.

துபாயில் 2013இல் திறந்த ஏ பிரிவில், லவுஞ்ச் மாடியிலிருந்தே நேராக விமானத்துக்குள் ஏறிவிடலாம். அது பிசினஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ்காரர்களுக்கு. நமக்கு அது வேண்டாம். மனம் வைத்தால் லவுஞ்சையும் கேட்டையும் பக்கத்துப் பக்கத்தில் கட்ட முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

லவுஞ்ச் என்பது பணக்காரர்கள் சமாச்சாரம், அவர்கள் ஓடினால் ஓடட்டும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1939இல் நியூயார்க் லாகார்டியாவில் முதல் லவுஞ்சைத் திறந்தபோது அது பெரிய மனிதர்களுக்கான இடம். இன்று சில வங்கி டெபிட் கார்டுகளிலேயே உள்ளே போகலாம். கல்லூரிப் பையன்கள் வருகிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகள் வருகிறார்கள். முதல்முறை விமானம் ஏறுகிறவர்கள் வருகிறார்கள். வரக்கூடியவர்கள் மாறிவிட்டார்கள், உங்கள் ஏற்பாடு மட்டும் அடிக்கடி பறக்கும் ஆசாமிகளுக்கு ஏற்றபடியே நிற்கிறது. வழி தெரிந்தவர்களுக்கு எந்த ஏற்பாடும் தேவையில்லை.

வீல்சேர் கேட்டவர்களின் நிலைமை இன்னும் சங்கடமானது. வீல்சேர் தள்ளும் உதவியாளர் லவுஞ்ச் வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, "இங்க வந்துட்டா நாங்க பொறுப்பில்லை, கேட்ல உக்காந்தா நாங்க பாத்துக்குவோம்" என்று சொல்லிப் போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு அடுத்த விமானத்தின் ஆள் காத்திருக்கிறார். ஆனால் திரும்பக் கூட்டிப் போக யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது? உங்கள் மேஜையில் அந்த எண் இல்லை.

நடைதானே என்று லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்து இறங்கிய 80 வயதுப் பெரியவர் ஒருவரின் கதை எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அவருக்கும் மனைவிக்கும் வீல்சேர் சொல்லியிருந்தார்கள். ஒன்றுதான் வந்தது. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டு அவர் கூடவே நடந்தார். ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் என்று செய்திகள் சொல்லின. குடியேற்றச் சோதனைப் பகுதியில் சரிந்து விழுந்து இறந்துபோனார். விமான நிறுவனத்துக்கு, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அது வருகைப் பக்கம், லவுஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் புறப்பாட்டுப் பக்கமும் அதே கட்டடத்தில், அதே நீளத்தில்தான் இருக்கிறது. அங்கே நடப்பவர்கள் விமானத்தைத் தவறவிடும் பயத்தில் வேறு நடக்கிறார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறேன்?

உங்கள் திரையில் விமான எண், ஊர், நேரம், கேட் என்று இருக்கும் வரிசைகளோடு இன்னொன்று சேருங்கள்: "இங்கிருந்து கிளம்ப வேண்டிய நேரம்". புறப்படும் நேரத்தையும் கேட் மூடும் நேரத்தையும்விட பெரிய எழுத்தில் அது இருக்கட்டும். நிலையத்தின் மொத்தப் பட்டியலையும் ஓடவிடத் தேவையில்லை. உள்ளே இருப்பவர்களின் விமானங்களை மட்டும் காட்டினால் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். திரை காபி மெஷினுக்கு மேலே வேண்டாம். அந்தந்த ஊர் மொழியிலும் இருக்கட்டும். சென்னையில் தமிழ், ஹைதராபாத்தில் தெலுங்கு.

வாசலில் ஸ்கேன் செய்யும்போதே ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுங்கள். 2 ரூபாய் கழித்ததற்கு ஒரு ரசீது எப்படியும் வருகிறது, அதன் அடியில் ஒரு வரி சேர்ந்தால் போதும்: கேட் 42, நடை 14 நிமிடம், 6.10க்குக் கிளம்பவும். கேட் மாறலாம், திரையைப் பார்க்கவும் என்று இன்னொரு வரி. அவ்வளவுதான்.

அந்த நேரம் தாண்டியும் ஒருவர் உள்ளேயே இருந்தால், ஓர் ஊழியர் மேஜை மேஜையாகப் போய் மெதுவாகச் சொல்லட்டும். தட்டு எடுக்க எப்படியும் ஒருவர் சுற்றி வந்துகொண்டுதான் இருக்கிறார். "கொச்சி போறவங்க யாராவது இருக்கீங்களா, கேட் தூரம், கிளம்பிடுங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் யார் தூக்கமும் கெடாது. அமைதி நிலையம் என்பது வெளிக்கூடத்துக்கான விதி. நாலு சுவருக்குள் ஒரு மனிதர் வாயால் சொல்வதை அது தடுப்பதாக நான் நினைக்கவில்லை. கண் தெரியாதவர்கள், முதியவர்கள், தனியாக வரும் குழந்தைக்காரிகள் உள்ளே வரும்போதே "உங்களை நான் வந்து கூப்பிடட்டுமா?" என்று கேட்டுக் குறித்து வைப்பது இன்னும் நல்லது.

நிலைய நிர்வாகத்துக்கு உள்ள வேலை வேறு. பேட்டரி கார்கள் கூடத்தில் ஓடுகின்றன, ஆனால் அவை எங்கே நிற்கும், யாரை ஏற்றும் என்பது யாருக்கும் தெரிவதில்லை. நாம் கையை நீட்டினால் சில நேரம் நிற்கும், பல நேரம் நிற்காது. லவுஞ்ச் லிஃப்ட் இறங்கும் இடத்தில் அதற்கு ஒரு நிறுத்தம் வையுங்கள். வீல்சேர் கூப்பிடும் எண்ணை லவுஞ்ச் மேஜையில் ஒட்டுங்கள். கேட்டில் ஆளைத் தேடும்போது விமான நிறுவனத்தார் லவுஞ்சுக்கு ஒரு ஃபோன் போட வழி செய்யுங்கள். ஓடாத நகரும் நடைபாதையை "பராமரிப்புப் பணி" என்று வாரக்கணக்கில் மூடி வைத்திருந்தால், அந்த நாள்களில் நடை நேரத்தையும் கூட்டிக் காட்டுங்கள்.

பொறுப்பு என்ற பேச்சு வரும் என்று தெரியும். "அறிவிப்பு செய்யப்படமாட்டாது, விமானத்தைத் தவறவிட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று உங்கள் சுவரில் ஏற்கெனவே ஒரு பலகை இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லவில்லை. நேரத்தைச் சொல்லிவிட்டு, பிறகு ஒருவர் தவறவிட்டால் அவர் உங்கள்மீது வழக்குப் போடுவார் என்று உங்கள் வக்கீல் பயமுறுத்துவார். சொல்லாமல் இருப்பதால்தான் இப்போது சிலர் தவறவிடுகிறார்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். தவறவிட்டவருக்குப் போனது போனதுதான். கடைசி நேரத்தில் அடுத்த விமானத்துக்கு இருக்கும் விலையில் ஒரு டிக்கெட் எடுத்துப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு உங்கள் லவுஞ்சில் எத்தனை இட்லி சாப்பிட்டாலும் ஈடாகாது.

கடைசியாக, அந்த நிமிடக் கணக்கை எப்படி எடுப்பது என்பதைப் பற்றி. வரைபடத்தில் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டாம். 25 வயது ஊழியரை வெறுங்கையோடு நடக்கவிட்டும் எடுக்க வேண்டாம். அப்படி எடுத்தால் அதே "ஃபைவ் மினிட்ஸ்" தான் வரும். 65 வயதைத் தாண்டிய ஒருவரிடம் சக்கரம் வைத்த பெட்டியையும் ஒரு தோள்பையையும் கொடுங்கள். காலை ஆறு மணிக் கூட்டத்தில், லவுஞ்ச் நாற்காலியிலிருந்து ஒவ்வொரு கடைசிக் கேட் வரைக்கும், பஸ் கேட் என்றால் கீழ்த்தள வரிசையில் போய் நிற்கும் வரைக்கும் நடக்கச் சொல்லுங்கள். வழியில் ஒருமுறை கழிப்பறைக்கும் போகட்டும். வருகிற எண்ணை அப்படியே போடுங்கள். உங்களுக்கு அது ஒரு நாள் வேலை.

இப்படிக்கு,
உங்கள் லவுஞ்சுக்கு இனியும் வரப்போகும் ஒரு பயணி